பேரிளம்பெண்ணுக்குப் பின்: நாற்பது வயதும் மகப்பேறும் தமிழ் இலக்கிய மரபும்

முன்னுரை

மகப்பேறு தமிழ் இலக்கியத்தின் தொன்மையான பாடுபொருள்களுள் ஒன்று. திருக்குறளின் ஏழாம் அதிகாரம் இப்பொருளுக்கே உரியது. மக்கட்பேறு எனப் பரவலாக வழங்கும் அதனைப் பரிமேலழகர் ‘புதல்வரைப் பெறுதல்’ எனக் குறிப்பார். காப்பியங்களும் புராணங்களும் பிள்ளை வேண்டித் தவமிருந்த பெற்றோரைப் பல இடங்களில் காட்டுகின்றன. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமோ குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுகிறது. இத்துணை விரிந்த மரபில், குழந்தையைப் பெறும் தாயின் வயது எவ்வாறு பேசப்படுகிறது என்னும் வினா இதுவரை உரிய கவனம் பெறவில்லை என்றே கருதுகிறோம்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கல்வி, பணி, தாமதமான திருமணம், மறுமணம் முதலிய காரணங்களால் நாற்பதையொட்டி முதற்குழந்தையை நாடும் பெண்கள் இன்று நம்மிடையே பலர் உளர். முனைவர்ப் பட்டம் முடித்து ஒரு நிலையான பணியில் அமரும்பொழுது முப்பதுகளின் நடுவை எட்டிவிடும் தலைமுறையை நம் பல்கலைக்கழகங்களிலேயே காண்கிறோம். இவர்களிடம் சுற்றமும் சமூகமும் பேசும் மொழி பெரிதும் இலக்கியமும் சமயமும் வகுத்துத் தந்த மொழியே ஆகும். அம்மொழி எவற்றைக் கணக்கிடுகிறது, எவற்றைக் கணக்கிடாது விடுகிறது என்பதை ஆராய்வதும், மருத்துவம் இன்று தரும் கணக்கோடு அதனை ஒப்பவைத்து நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருவக் கணக்கும் நாற்பதின் எல்லையும்

பெண்ணின் வயதை வெளிப்படையாக எண்ணிக் கூறும் தமிழ் நூல்கள் பாட்டியல்களே. உலா இலக்கியத்திற்கு இலக்கணம் வகுக்கும் இந்நூல்கள் பெண்டிரை ஏழு பருவத்தினராகப் பகுக்கின்றன. நூலுக்கு நூல் எண்கள் சிறிது வேறுபடினும், பரவலாக வழங்கும் பகுப்பு இதுவாகும்: பேதை 5 முதல் 7 வரை, பெதும்பை 8 முதல் 11 வரை, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19 வரை, அரிவை 20 முதல் 25 வரை, தெரிவை 26 முதல் 31 வரை, பேரிளம்பெண் 32 முதல் 40 வரை.

இப்பகுப்பில் ஒரு செய்தி நம் கவனத்தை ஈர்க்கிறது. நாற்பதுக்குப் பிறகு பெண்ணுக்குப் பருவப்பெயர் இல்லை. இலக்கணம் அங்கே நின்றுவிடுகிறது. ஆடவர்க்கோ நிலை வேறு. பன்னிரு பாட்டியல் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என முப்பது வயது வரை எண்ணி, அதற்கு மேற்பட்டோரை முதுமகன் என்னும் எல்லையற்ற பெயரால் சுட்டுகிறது. உலாப் பாடப்பெறும் உரிமையை நாற்பத்தெட்டு வயது வரை ஆடவர்க்கு அது நீட்டிக்கிறது. பெண்ணுக்கு நாற்பது, ஆணுக்கு நாற்பத்தெட்டு என்னும் இந்த எட்டாண்டு இடைவெளி நோக்கத்தக்கது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நாற்பதோடு பருவக்கணக்கு முடிவதைக் கண்டு, கருவளத்தின் எல்லையை நம் முன்னோர் அன்றே அறிந்து வகுத்தனர் என்று மேடைகளில் முழங்குவது எளிது. அவ்வாறு கொள்வதற்குப் பாட்டியல்களில் சான்று இல்லை. உலாவின் பருவங்கள் மகப்பேற்றைக் குறித்தவை அல்ல. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலா முதலாக ஒட்டக்கூத்தரின் மூவருலா ஈறாக, பவனி வரும் தலைவனைக் கண்டு மையலுறும் பெண்களை வரிசைப்படுத்தவே அவை பயன்பட்டன. ஐந்து வயதுச் சிறுமியும் அவ்வரிசையில் நிற்கிறாள் என்பதே இப்பகுப்பு உடலியல் பகுப்பு அன்று என்பதற்குப் போதிய சான்றாகும். ஆண் ஒருவனைக் காணும் கண்களாகவும் அவனால் காணப்படும் அழகாகவுமே பெண் இங்கு எண்ணப்படுகிறாள். ஆகவே, நாற்பது என்பது காட்சிக்கு வகுத்த எல்லையே. கருவுக்கு வகுத்த எல்லை அன்று. ஆயினும், நாற்பதைக் கடந்த பெண்ணைப் பற்றிப் பேசுவதற்கு மரபு ஒரு பெயரைக்கூட விட்டுச் செல்லவில்லை என்னும் உண்மை எஞ்சி நிற்கிறது. நம் வினா அந்த வெற்றிடத்தில்தான் தொடங்குகிறது.

திங்கட் கணக்கு

பெண்ணின் உடலியலைத் தமிழ் மரபு அறவே நோக்கவில்லை என்றும் கூறிவிட இயலாது. தொல்காப்பியக் கற்பியல், பரத்தையிற் பிரிந்த தலைவன் தலைவியின் பூப்புக்குப் பின்னர்ப் பன்னிரு நாள் அவளை நீங்கி உறைதல் ஆகாது என விதிக்கிறது. உரையாசிரியர்கள் இதனைக் கருத்தரிக்கும் காலத்தோடு இணைத்து விளக்குவர். கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களுமே கருத்தரிக்க ஏற்றவை என்பது இன்றைய மருத்துவத்தின் தெளிவு. இருபத்தெட்டு நாள் சுழற்சியில் கருமுட்டை வெளிப்படுவது பெரும்பாலும் பதினான்காம் நாளையொட்டி நிகழும். தொல்காப்பிய விதியும் இக்கணக்கும் ஓரளவு ஒன்றையொன்று தழுவுகின்றன. முற்றும் ஒன்றே எனல் பொருந்தாது.

இங்கு நாம் கருத வேண்டியது வேறொன்று. மாதத்திற்குள் பெண்ணுடலில் நிகழும் மாற்றத்தை நோக்கி ஒரு விதி பிறந்திருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதே உடலில் நிகழும் மாற்றத்தை நோக்கி அத்தகைய விதியோ குறிப்போ நாம் எடுத்துக்கொண்ட பனுவல்களில் எழவில்லை. திங்கட் கணக்கு உண்டு. ஆண்டுக் கணக்கு இல்லை. இளமையில் மணம் நிகழ்ந்து, தொடர்ந்து குழந்தைகள் பிறந்த சமூகத்தில் நாற்பதுக்கு மேல் முதற்குழந்தை என்னும் நிலை அரிதாகவே எழுந்திருக்கும். ஆகவே இக்குறை மரபின் பிழையன்று, காலத்தின் எல்லை. ஆனால் அக்காலத்தின் மொழியை இக்காலத்துப் பெண்ணுக்கு அப்படியே பொருத்துவது நம் பிழையாகிவிடும்.

பேறு வேண்டியோர்: யாருடைய வயது?

நெடுங்காலம் பிள்ளையின்றிப் பின்னர்ப் பேறு பெற்றோரின் கதைகளில் யாருடைய வயது சொல்லப்படுகிறது என்று தேடினால் ஒரு சீரான போக்குத் தென்படுகிறது. கம்பராமாயணத்தில் தயரதன் வசிட்டனிடம் தன் குறையைக் கூறுமிடத்து, அறுபதினாயிரம் ஆண்டு ஆண்டதைக் குறிப்பிட்டுத் தனக்குப் பின் இவ்வுலகம் கலங்குமே என வருந்துகிறான். எண்ணப்படுவது அரசனின் ஆண்டு. கவலை அரசின் தொடர்ச்சி. கலைக்கோட்டு முனிவர் நடத்திய வேள்வியின் பயனாகக் கருவுறும் கோசலை, கைகேயி, சுமித்திரை ஆகிய மூவரின் அகவை அங்கே பேசப்படுவதில்லை. பிள்ளையில்லாக் காலத்தில் அவர்கள் என்ன எண்ணினர் என்பதும் நமக்குத் தெரிவிக்கப்படுவதில்லை.

பெரியபுராணத்தில் உடுப்பூர் வேடர் தலைவன் நாகனும் அவன் மனைவி தத்தையும் பிள்ளையின்மையால் வருந்தி முருகனை வழிபட்டுத் திண்ணனாரைப் பெறுகின்றனர். இங்கு வருத்தமும் வழிபாடும் இருவர்க்கும் பொதுவாக அமைவது சேக்கிழாரின் சிறப்பு. ஆயினும் முதுமை என்பது பின்னர் நாகன் தலைமையைத் துறக்கும் இடத்தில்தான் கதைக்குத் தேவையாகிறது. சைவ சித்தாந்த மரபில் வழங்கும் மெய்கண்டார் பிறப்பு வரலாறும் இத்தகையதே. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளையின்மையால் வருந்தித் தம் குருவை நாட, தேவாரத் திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்தபொழுது திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வாய்த்தது என்றும், அத்தலத்து முக்குளத்தில் நீராடி வழிபட்டதன் பயனாக மகவு பிறந்தது என்றும் கூறுவர். பிள்ளைப்பேறு வேண்டுவோர் இப்பதிகத்தை ஓதும் வழக்கம் இன்றும் உண்டு. வரலாற்றில் தந்தையின் பெயர் நிலைபெற்றிருக்க, தாயின் வயது எங்கும் இடம்பெறவில்லை.

இதற்கு மாறான ஒரு மரபை விவிலியத்தில் காண்கிறோம். தொடக்கநூலில் ஆபிரகாமுக்கு நூறு வயது, சாராளுக்குத் தொண்ணூறு வயது என இருவர் அகவையும் எண்ணிச் சொல்லப்படுகின்றன. சாராளுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது என்பதும் மறைவின்றிக் கூறப்படுகிறது. வாக்குறுதியைக் கேட்ட அவள் தனக்குள் நகைக்கிறாள். பிறந்த மகனின் பெயராகிய ஈசாக்கு என்பதும் நகைத்தல் என்னும் பொருளது. திருக்குர்ஆனிலும் இப்ராகீமின் துணைவியார் தாம் முதியவள் என்பதைத் தம் வாயாலேயே எடுத்துரைத்து வியக்கிறார். தன் உடலின் நிலையைப் பெண் தானே அறிந்து பேசும் இடங்கள் இவை. பேறு அருளால் வருவதாகவே இக்கதைகளும் கூறுகின்றன. ஆனால், வயது ஒரு தடை என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே அருளைப் பேசுகின்றன. நம் காப்பியக் கதைகள் தடையைக் கூறாமலே வரத்தைக் கூறிவிடுகின்றன. நம்பிக்கையோடு வேண்டினால் போதும் என்னும் அறிவுரை நாற்பது வயதுப் பெண்ணுக்கு இத்துணை எளிதாக வழங்கப்படுவதற்கு இந்தக் கதையமைப்பும் ஒரு காரணம் என நாம் எண்ணுகிறோம்.

மண ஆண்டுக் கணக்கு

தற்காலப் புனைகதையில் பிள்ளையின்மையை மையமாக்கிய படைப்புகளுள் பெருமாள்முருகனின் மாதொருபாகன் (2010) முதன்மையானது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாவலுக்கு எழுந்த எதிர்ப்பும், 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்று வழங்கிய தீர்ப்பும் பலரும் அறிந்தவை. அவ்வழக்கின் ஓசையில் நாவலின் மையப்பொருள் பெரிதும் மறைந்துபோயிற்று.

காளி, பொன்னா இருவரின் துயரம் மணமாகிக் கழிந்த பன்னிரண்டு ஆண்டுகளால் அளக்கப்படுகிறது. இங்குப் பெண்ணின் வயது முதன்மை பெறவில்லை. அவளது மண ஆண்டே முதன்மை பெறுகிறது. கிராமத்தார் எண்ணுவதும் அதையே. இளம்பெண்ணாகிய பொன்னா, மண ஆண்டுக் கணக்கினால் முதியவளைப் போல ஒதுக்கப்படுகிறாள். மங்கல நிகழ்வுகளில் அவள் கை படுவதைச் சுற்றம் விரும்புவதில்லை. மலைமேல் உள்ள வறடிக்கல்லைச் சுற்றிவரும் கடினமான நேர்த்தியும் அவளுக்கே விதிக்கப்படுகிறது. காளிக்கு முன்வைக்கப்படும் வழியோ மறுமணம். குறை யாரிடம் உள்ளது என்று அறியும் முன்னரே கழுவாய் பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது. நாவலாசிரியர் இதனை வாதமாக்காமல் நிகழ்வுகளால் உணர்த்தியிருப்பது இப்படைப்பின் வலிமை.

திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளிரவு ஒரு மாற்றுவழியாக நாவலில் வருகிறது. அவ்வழியில் பிறக்கும் பிள்ளை சாமி கொடுத்த பிள்ளை எனப்படும். பெண்ணின் கருவளத்தில் குறையில்லை என்னும் உய்த்துணர்வு இவ்வழக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது. ஆனால் அதை வெளிப்படக் கூறினால் ஆணின் மானம் குறையும். ஆகவே அது தெய்வத்தின் பெயரால் மூடப்படுகிறது. பிள்ளையின்றியும் நிறைவாக வாழும் நல்லுப்பையன் சித்தப்பாவை நாவல் காட்டுகிறது. அத்தகைய விடுதலை ஓர் ஆணுக்கே வாய்க்கிறது. அதே வாழ்வை மேற்கொள்ளும் ஒரு பெண்ணை நாவலின் உலகத்தில் எண்ணிப்பார்க்கவும் இயலவில்லை. தொடர்ச்சிகளாகிய ஆலவாயன், அர்த்தநாரி (2014) ஆகிய இரண்டும் காளியின் முடிவை இருவேறாகக் கற்பனை செய்கின்றன. இரு கதைப்போக்குகளிலும் பிள்ளைக்காகக் கொடுக்க வேண்டிய விலை பெரிதாகவே இருக்கிறது.

மருத்துவம் காட்டும் கணக்கு

மருத்துவம் எண்ணுவது ஆளுகை ஆண்டுகளையோ மண ஆண்டுகளையோ அன்று, கருமுட்டையின் ஆண்டுகளை. பிறக்கும்பொழுது பெண் குழந்தையிடம் ஏறத்தாழ 10 முதல் 20 இலட்சம் முட்டைகள் உள்ளன. பூப்பெய்தும் காலத்தில் அவை மூன்று முதல் ஐந்து இலட்சமாகவும், முப்பத்தேழு வயதில் ஏறக்குறைய 25,000 ஆகவும், மாதவிடாய் நிற்கும்பொழுது ஏறத்தாழ ஆயிரமாகவும் குறைகின்றன. எண்ணிக்கையைவிடத் தரத்தின் குறைவே முதன்மையானது. வயதான முட்டைகள் பகுப்படையும்பொழுது குரோமோசோம் பிழைகள் மிகுகின்றன. ஆகவேதான் முப்பது வயதில் ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இருபதையொட்டி இருக்க, நாற்பதில் அது ஐந்துக்கும் கீழாகிறது. டென்மார்க்கின் பதிவேடுகளைக் கொண்டு 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, நாற்பத்திரண்டு வயதில் உண்டாகும் கருக்களில் பாதிக்கு மேற்பட்டவை நிலைப்பதில்லை எனக் காட்டியது.

கருத்தடையை ஏற்காத வட அமெரிக்க ஹட்டரைட்டு சமயத்தார் பற்றிய 1957ஆம் ஆண்டு ஆய்வு மக்கட்தொகையியலில் பெரிதும் எடுத்தாளப்படுவது. அப்பெண்கள் கடைசியாகக் கருவுற்ற சராசரி வயது 40.9. நாற்பதில் மூன்றில் ஒரு பங்கினரும், நாற்பத்தைந்தில் நூற்றுக்கு 87 பேரும் கருவளத்தை இழந்திருந்தனர். இவ்வெண்களை இருவகையாகவும் படிக்க இயலும், படிக்கவும் வேண்டும். நாற்பதில் மூன்றில் இரு பங்கினர்க்கு வாசல் அடைபடவில்லை. ஆயினும் அடுத்த ஐந்தாண்டுகளில் அது மிக விரைவாக அடைபடுகிறது. நாற்பது ஆகிவிட்டது, இனி எல்லாம் முடிந்தது என்பாரும், நாற்பத்தைந்திலும் கவலை வேண்டா என்பாரும் இவ்வெண்களின் ஒரு பாதியை மட்டுமே படிக்கின்றனர்.

உடலுக்கு வெளியே கருவூட்டும் முறையும் வரமன்று. சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல் பிறந்தது. அச்சாதனையை நிகழ்த்திய குழுவிற்குத் தலைமை ஏற்றவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம் என்பது தமிழர் நினைவிற்கொள்ளத்தக்கது. ஆனால் இம்முறை முட்டையின் வயதை மாற்றுவதில்லை. பிரித்தானிய ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி, கருப்பையில் வைக்கப்பட்ட கரு குழந்தையாகப் பிறந்த வீதம் முப்பத்தைந்துக்குக் கீழ்ப்பட்டோரிடம் நூற்றுக்கு 32. நாற்பது முதல் நாற்பத்திரண்டு வரை 11. நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கில் 5. இளம்பெண் ஒருவர் கொடையளித்த முட்டையைப் பயன்படுத்தினால் வாய்ப்பு அக்கொடையாளரின் வயதையொட்டி உயர்கிறது. நாற்பதுகளின் பிற்பகுதியில் குழந்தை பெற்ற புகழ்பெற்றோர் பற்றிய செய்திகள் இக்குறிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அந்த வகையில் அவை நம் புராணக் கதைகளின் அமைப்பையே பின்பற்றுகின்றன: தடை சொல்லப்படுவதில்லை, பேறு மட்டுமே சொல்லப்படுகிறது.

சட்டங்களும் வயதை எண்ணுகின்றன. சிங்கப்பூர் இச்சிகிச்சைக்கு விதித்திருந்த நாற்பத்தைந்து வயது வரம்பை 2020இல் நீக்கியது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு ஐம்பதும் ஆணுக்கு ஐம்பத்தைந்தும் வரம்பாக வகுத்துள்ளது. பாட்டியலின் எட்டாண்டு இடைவெளி இங்கு ஐந்தாகச் சுருங்கியிருக்கிறது. இவ்விடைவெளிக்கு உடலியல் சார்ந்த காரணம் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆணின் வயது பொருட்டன்று என்பது பிழை. தந்தையின் வயது ஏற ஏற விந்தணுக்களில் புதிய மரபணு மாற்றங்கள் பெருகுகின்றன. குழந்தையின்மையில் ஆணின் பங்கு ஏறக்குறையப் பாதி இணையரிடம் காணப்படுகிறது. ஆகவே, நாற்பதைக் கடந்த பெண் குழந்தை வேண்டின் ஓராண்டு காத்திராது உடனே ஆய்வுக்குச் செல்லுதல் நன்று என்னும் மருத்துவர் அறிவுரை கணவனையும் சேர்த்தே கூறப்படுவதாகும்.

சொல்லும் சுமையும்

இறுதியாகச் சொற்களை நோக்குவோம். மலடி, வறடி என்னும் சொற்கள் விளையா நிலத்தை நினைவூட்டுவன. மலடன் என்னும் ஆண்பாற் சொல் அகராதியில் உண்டாயினும் வழக்கில் பெண்பாற் சொல்லே ஆட்சி பெற்றுள்ளது. மருத்துவத் தமிழில் பரவியுள்ள மலட்டுத்தன்மை என்னும் கலைச்சொல் அச்சொல்லின் இழிவையும் உடன் சுமந்து வருகிறது. கருவுறாமை, குழந்தைப்பேறின்மை போன்ற சொற்கள் நிலையை மட்டும் குறிப்பன. ஆளைக் குறிப்பன அல்ல. உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்வில் ஒரு காலத்திலேனும் இந்நிலையை எதிர்கொள்கிறார் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அறிவித்தது. இத்துணைப் பொதுவான ஒரு நிலைக்கு வசைச்சொல்லின் வேரிலிருந்து கலைச்சொல் படைப்பது பொருந்தாது. பாடநூல் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இதில் கருத்தூன்ற வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், தமிழ் மரபு பெண்ணின் வயதைக் காட்சிக்காகவும், மண ஆண்டைக் குறைகூறுவதற்காகவும், ஆணின் ஆண்டைப் பெருமைக்காகவும் எண்ணிவந்துள்ளது எனலாம். தாயாக விழையும் பெண்ணின் வயதை அவள் பொருட்டே எண்ணும் வழக்கம் அதில் உருவாகவில்லை. மருத்துவம் அவ்வெண்ணைத் தருகிறது. ஆயினும் எண் மட்டும் ஒருவரைத் தேற்றுவதில்லை. அதைச் சொல்லும் மொழி இலக்கியத்திலிருந்தே வரவேண்டும்.

அம்மொழிக்கான வித்துகள் மரபிலேயே இல்லாமலில்லை. வள்ளுவர் மக்களைப் பெற்றதோடு நில்லாமல் அவர்தம் அறிவையும் சான்றாண்மையையும் பேறாகப் போற்றுகிறார். துளசி வனத்தில் கண்டெடுத்த கோதையைப் பெரியாழ்வார் வளர்த்த வரலாறு, பெறாமலும் பெற்றோராகலாம் என்பதற்கு வைணவ உலகம் போற்றும் சான்று. நாற்பதைக் கடந்த பெண் மருத்துவத்தை நாடலாம்; கொடைமுட்டையை ஏற்கலாம்; ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கலாம்; எதுவுமின்றி நிறைவாகவும் வாழலாம். உண்மையான எண்களை அறிந்து தானே தேர்ந்துகொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. பாட்டியல் புலவர்கள் பேரிளம்பெண்ணோடு நிறுத்திய கணக்கை அவளது பக்கம் நின்று தொடரும் கடமை இன்றைய படைப்பாளர்க்கும் திறனாய்வாளர்க்கும் உரியது.